முகில் அறையில் காஸ்மிக் கதிர்களின் ஆற்றலை அளப்பது எப்படி: பொருள் வாங்கும் முன் படிக்க வேண்டிய வழிகாட்டி

முகில் அறை என்பது மின்னூட்டம் கொண்ட துகள் ஓடிய வழியை ஆல்கஹால் ஆவியின் சிறு துளிகளால் காட்டும் பெட்டி. அதைச் செய்யக் கற்றுத்தரும் காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. மீன் தொட்டியைக் கவிழ்ப்பார்கள், அடியில் டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்ஸைடு) வைப்பார்கள், கறுப்புத் தட்டின் மேல் வெள்ளை இழைகள் ஓடும், காணொளி முடிந்துவிடும். "சரி, இந்தத் துகளின் ஆற்றல் என்ன?" என்று தேர்வாளரோ மாணவரோ கேட்டால் அதற்குப் பதில் அந்தக் காணொளிகளில் இல்லை. அந்தப் பதிலைத் தேடி நான் அலைந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். இளநிலை இயற்பியல் செயல்திட்டம் செய்பவர்களையும் பள்ளி அறிவியல் ஆசிரியர்களையும் மனதில் வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் கிடைக்கும் பொருள்களை வைத்தே சொல்கிறேன்.

1. காசை எடுக்கும் முன் காகிதத்தை எடுங்கள்

மின்னூட்டம் கொண்ட துகள் காந்தப்புலத்தில் வளையும். வளைவின் ஆரத்தை அளந்தால் உந்தம் கிடைக்கும். நினைவில் வைக்க வேண்டிய சூத்திரம் ஒன்றே ஒன்று:

உந்தம் = 300 × காந்தப்புலம் × ஆரம்

புலம் டெஸ்லாவில், ஆரம் மீட்டரில். உந்தம் எம்.இ.வி. (மெகா எலக்ட்ரான் வோல்ட்) அளவில் வரும். ஒளியின் வேகத்தால் வகுத்த அலகு என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான்கள் என்ற, எலக்ட்ரானைப் போன்ற ஆனால் கனமான துகள்கள் பிறக்கின்றன. தரைமட்டத்துக்கு வந்து சேரும் மியூவான்களின் சராசரி ஆற்றல் ஏறத்தாழ 4,000 எம்.இ.வி. கடையில் கிடைக்கும் காந்தத்தைக் கொண்டு 0.05 டெஸ்லா புலம் உண்டாக்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த மியூவானின் வளைவு ஆரம் சுமார் 270 மீட்டர். 8 சென்டிமீட்டர் நீளத் தடத்தில் நேர்கோட்டிலிருந்து அது விலகும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு. தடத்தின் அகலமே ஒரு மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். எந்த கேமராவாலும் இதைப் பிடிக்க முடியாது.

திருப்பிக் கேட்டுப் பாருங்கள். 8 சென்டிமீட்டர் தடத்தில் ஒரு மில்லிமீட்டர் விலகலையாவது காண வேண்டுமென்றால் உந்தம் எவ்வளவு வரை இருக்கலாம்? ஏறத்தாழ 12 எம்.இ.வி. அதுதான் உங்கள் கருவியின் மேல் எல்லை. அதற்கு மேற்பட்ட எல்லாமே உங்கள் கண்ணுக்கு நேர்கோடுதான். பாசிட்ரானை (நேர்மின்னூட்டம் கொண்ட எலக்ட்ரானை) முகில் அறையில் கண்டுபிடித்த ஆண்டர்சனுக்கு 1.5 டெஸ்லா அளவுக்குப் புலம் தேவைப்பட்டது. நம்மிடம் இருப்பது அதில் முப்பதில் ஒரு பங்கு.

ஆகவே "மியூவானின் ஆற்றலை அளந்தேன்" என்று தலைப்பு வைத்துச் செயல்திட்டம் பதிவு செய்யாதீர்கள். மியூவான் தடங்களைப் பார்க்கலாம், எண்ணலாம். ஆற்றலை அளக்க முடிவது குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்களுக்கு மட்டும். இதை முதல் நாளே வழிகாட்டி ஆசிரியரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. அனுமதியும் ஆவணங்களும்

ஆல்கஹால் விஷயத்தில் கவனம் வேண்டும். பழைய குறிப்புகளில் மெத்தனால், மெத்திலேட்டட் ஸ்பிரிட் என்று எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் இரண்டையும் உரிமம் இல்லாமல் வாங்கி வைத்திருக்கக் கூடாது. அவற்றின் பக்கமே போகாதீர்கள். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், கடைக்காரர் மொழியில் ஐ.பி.ஏ., போதும், வேலையும் நன்றாகவே செய்யும்.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்: துறைத்தலைவர் அல்லது தலைமை ஆசிரியர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம், ஐ.பி.ஏ.வின் பாதுகாப்புத் தரவுத் தாள், வாங்கிய ரசீதுகள். கடிதத்தில் "எரியக்கூடிய திரவம் ஒரு லிட்டர், டிரை ஐஸ் ஐந்து கிலோ, நிரந்தரக் காந்தம்" என்று வெளிப்படையாக எழுதுங்கள். பொத்தாம்பொதுவாக "அறிவியல் பொருள்கள்" என்று எழுதினால், ஆய்வு நாளன்று வாசலில் காவலாளி நிறுத்தும்போது நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பெட்டிக்குள் டிரை ஐஸ் கரைந்துகொண்டிருக்கும்.

ஐ.பி.ஏ.வை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. எரியக்கூடிய பொருள்களுக்கு அங்கே தடை. உள்ளூரிலேயே வாங்குங்கள்.

சோதனைக்குக் கதிரியக்க மூலம் ஒன்று இருந்தால் நல்லது என்று தோன்றும். அயனியாக்க வகைப் புகை உணர்வியைப் பிரித்து உள்ளே இருக்கும் அமெரிசியம் என்ற கதிரியக்கத் தனிமத்தை எடுக்கச் சொல்லும் காணொளிகளும் உண்டு. செய்யாதீர்கள். கதிரியக்கப் பொருள்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கட்டுப்பாட்டில் வருபவை. உங்களுக்கு அது தேவையும் இல்லை. அறைக் காற்றில் இருக்கும் ரேடான் என்ற கதிரியக்க வாயுவே போதிய ஆல்பா துகள் தடங்களைத் தரும்.

3. என்னென்ன, எவ்வளவு

விலைகள் தோராயமானவை, ஊருக்கு ஊர் மாறும்.

- 30 × 20 × 20 சென்டிமீட்டர் கண்ணாடி மீன் தொட்டி: 500 முதல் 800 ரூபாய். சென்னைக்காரர்களுக்குக் கொளத்தூர் இருக்கிறது. விளிம்பு ஒரே சமமாக இருக்கிறதா என்று மேசையில் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்.
- 3 மில்லிமீட்டர் அலுமினியத் தட்டு, தொட்டியைவிடச் சற்றுப் பெரியது: சில நூறு ரூபாய். கறுப்பு அனோடைஸ் செய்தது கிடைத்தால் சிறப்பு. இல்லாவிட்டால் பளபளப்பற்ற கறுப்பு பெயின்ட்.
- 99 சதவீத ஐ.பி.ஏ. ஒரு லிட்டர்: 300 முதல் 500 ரூபாய். மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீதம் உதவாது. மீதி 30 சதவீதம் தண்ணீர்.
- ஃபெல்ட் துணி, வெள்ளை எல்.ஈ.டி. பட்டை, கதவு இடுக்கில் ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டை: எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள்.
- 150 × 100 × 25 மில்லிமீட்டர் ஃபெரைட் காந்தக் கட்டி ஒன்று. அதே அளவில் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. இரண்டுக்கும் 2,000 முதல் 3,000 ரூபாய் ஒதுக்குங்கள். ஆலைகளில் இரும்புத் துகளைப் பிரிக்கப் பயன்படும் காந்தம் இது. காந்த வியாபாரிகளிடம் இந்த அளவைச் சொன்னாலே எடுத்துத் தருவார்கள்.
- எஸ்.எஸ்.49ஈ ஹால் உணர்வி (காந்தப்புலத்தை அளக்கும் சிறு மின்னணு உறுப்பு): 100 ரூபாய்க்குள். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைத்தெருவில் இரண்டு மூன்றாக வாங்கிக்கொள்ளுங்கள். கால்கள் எளிதில் உடையும்.
- டிரை ஐஸ்: கிலோ 100 முதல் 200 ரூபாய். ஒரு ஓட்டத்துக்கு ஐந்து கிலோ.

டிரை ஐஸில்தான் பணம் கரையும். சில்லறைக்குத் தருபவர்கள் குறைவு. குளிர்பதனப் போக்குவரத்துக்கும் ஐஸ்கிரீம் வியாபாரத்துக்கும் வழங்குபவர்களை நேரில் பார்த்து, குறைந்தபட்ச அளவு என்ன, எந்த நேரத்தில் உற்பத்தி என்று கேளுங்கள். நேற்றைய மிச்சத்தை இன்றைய எடைக்கு விற்கும் இடமும் உண்டு. தராசில் உங்கள் கண்முன்னே நிறுக்கச் சொல்லுங்கள். அரிசி போன்ற குருணையைவிடப் பலகையாக இருப்பது நல்லது: மெதுவாகக் கரையும், தட்டோடு ஒட்டி நிற்கும்.

4. அறை

இந்தப் பகுதிக்குக் காணொளிகளே போதும், சுருக்கமாகச் சொல்கிறேன். தொட்டியின் அடிப்பக்கம் கவிழ்க்கும்போது மேலே வரும். அங்கே உட்புறம் சுற்றிலும் ஃபெல்ட் பட்டையைப் பொருத்துங்கள். நடுவில் கேமரா பார்க்கக் கண்ணாடி திறந்திருக்க வேண்டும். பசை ஆல்கஹாலில் கரையும், ஆகவே காந்தத் துண்டோ கம்பியோ வைத்துப் பிடிப்பதே நல்லது. விளிம்பில் ஸ்பாஞ்ச் பட்டை. ஃபெல்ட்டை ஐ.பி.ஏ.வில் நனைத்து, தொட்டியை அலுமினியத் தட்டின் மேல் கவிழ்த்தால் அறை தயார்.

மேலே அறை வெப்பத்தில் ஆவியாகும் ஆல்கஹால், கீழே இறங்கிக் குளிர்ந்து, தட்டுக்கு மேல் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மிகைநிறைவு அடைகிறது, அதாவது சிறு தூண்டல் கிடைத்தாலே துளிகளாக மாறும் நிலைக்கு வருகிறது. தடம் உருவாவது அந்த மெல்லிய அடுக்கில் மட்டும். விளக்கை அந்த உயரத்துக்குப் பக்கவாட்டிலிருந்து காட்டுங்கள், மேலிருந்து காட்டினால் ஒன்றும் தெரியாது.

5. காந்தம்: அவசரப்படக் கூடாத இடம்

வரிசை இது: கீழே டிரை ஐஸ், அதன் மேல் இரும்புத் தகடு, அதன் மேல் காந்தம், அதன் மேல் அலுமினியத் தட்டு. காந்தத்தின் அகன்ற முகம் மேலே பார்த்தால் புலம் செங்குத்தாக எழும். கிடைமட்டமாக ஓடும் துகள்கள் மேலிருந்து பார்க்கும் கேமராவுக்கு வளைந்து தெரியும். இரும்புத் தகடு காந்தத்தின் அடிப்பக்கப் புலத்தை வாங்கிக்கொண்டு மேல்பக்கப் புலத்தைக் கூட்டித் தரும். ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே காற்று இடைவெளி இருந்தால் குளிர் ஏறாது; வெப்பப் பசை தடவுங்கள்.

நியோடிமியம் வலிமையானதாயிற்றே என்று கேட்பீர்கள். வலிமையானதுதான். ஆனால் இந்தப் பரப்பளவுக்கு ஆறு கட்டிகளை ஒரே முனை மேலே இருக்கும்படி பக்கம் பக்கமாக அடுக்க வேண்டும். அவை ஒன்றையொன்று தள்ளும், புரளும், விரலை நசுக்கும். முதல் முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபெரைட்டுக்கு வேறொரு குணம் உண்டு. இதை விற்பவர்கள் சொல்வதில்லை. கடுங்குளிரில் அதன் காந்தத் தன்மையின் ஒரு பகுதி நிரந்தரமாகப் போய்விடும். நியோடிமியத்துக்குச் சூடு ஆகாது, ஃபெரைட்டுக்குக் குளிர் ஆகாது. நல்ல வேளையாக, அதே குளிர்நிலைக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோனால் பெரும் இழப்பு முதல் முறையோடு முடிந்துவிடும். ஆகவே முதல் டிரை ஐஸ் வாங்கும் நாளில் தடம் எதுவும் அளக்க வேண்டாம். காந்தத்தை இரும்புத் தகட்டோடு ஒரு மணி நேரம் குளிர வைத்து, அதற்குப் பிறகு புலத்தை அளந்து கொள்ளுங்கள்.

அளப்பதற்குக் கைப்பேசியின் காந்தமானியை நம்பாதீர்கள். அது பூமியின் புலத்துக்காகச் செய்தது. சில மில்லிடெஸ்லாவிலேயே உச்சம் தொட்டு நின்றுவிடும். ஹால் உணர்வியை 5 வோல்ட்டில் இணைத்து, மல்டிமீட்டரில் வெளியீட்டைப் படியுங்கள். காந்தம் அருகில் இல்லாதபோது 2.5 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். ஒரு காஸ் புலத்துக்கு ஏறத்தாழ 1.4 மில்லிவோல்ட் மாறும். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இந்த எண் வேறுபடுவதால் வாங்கிய உணர்வியின் தரவுத் தாளைப் பாருங்கள். 10,000 காஸ் ஒரு டெஸ்லா.

தட்டுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே, ஒரு சென்டிமீட்டர் கட்டங்களாக வரைபடம் போடுங்கள். இதைக் குளிர்ந்த நிலையிலேயே செய்ய வேண்டும்: ஃபெரைட்டின் புலம் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.2 சதவீதம் மாறுவது. நூறு டிகிரி இறங்கினால் 20 சதவீதம். அறை வெப்பத்தில் எடுத்த வரைபடத்தைக் குளிர்ந்த தடத்துக்குப் பயன்படுத்தினால் விடை அந்த அளவுக்குத் தவறும். உணர்வி பொதுவாக −40 டிகிரி வரை தாங்கும். தட்டைத் தொடாமல் உயர்த்திப் பிடித்தால் போதும்.

விளிம்புகளில் புலம் சாயும், குறையும். நடுவில் உள்ள 8 சென்டிமீட்டர்தான் உங்கள் களம். அதற்கு வெளியே ஓடிய தடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் கணக்கில் சேராது.

6. ஓட்டும் நாள்

டிரை ஐஸைக் காலையில் எடுத்து அன்றே பயன்படுத்துங்கள். நல்ல தெர்மகோல் பெட்டியில்கூட ஒரு நாளைக்கு 2 முதல் 4 கிலோ ஆவியாகிவிடும். மே மாத வெயிலில் இன்னும் கூடும். மூடியை இறுக்கி ஒட்டக் கூடாது, பெட்டி வெடிக்கும். ஒரு கிலோ டிரை ஐஸ் 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்ஸைடாக மாறும். காரில் கொண்டுவந்தால் ஜன்னல் திறந்திருக்கட்டும். ஆய்வறையிலும் ஜன்னல் திறந்திருக்கட்டும். −78 டிகிரி என்பதால் தடித்த கையுறை கட்டாயம். ஐ.பி.ஏ. சாதாரண வெப்பநிலையிலேயே தீப்பற்றும் ஆவி தருவது. அருகில் அடுப்பு, மெழுகுவர்த்தி, சூடேறும் விளக்கு எதுவும் கூடாது.

காந்தம் இல்லாத அறை கால் மணி நேரத்தில் தயாராகிவிடும். காந்தத்தோடு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். தட்டு −30 டிகிரிக்குக் கீழே போனால் நிம்மதி. முதலில் மழைத்தூறல் போன்ற படலம் தெரியும், பின்பு தடித்த குட்டையான ஆல்பா தடங்கள், அதன் பிறகே மெல்லிய இழைகள். தட்டு குளிர்ந்து அரை மணி நேரத்துக்குப் பிறகும் தூறல் மட்டுமே தெரிந்தால் விளிம்பில் காற்றுக் கசிவு இருக்கிறது. தடங்கள் மங்கலாக இருந்தால், கம்பளியில் தேய்த்த பி.வி.சி. குழாயைத் தொட்டியின் மேல் காட்டுங்கள். பழைய அயனிகள் விலகி இடம் தெளியும்.

மழைக்காலத்தில் கண்ணாடிக்கு வெளியே பனி படிந்து கேமராவை மறைக்கும். குளிர்சாதன அறை இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

7. படம் பிடித்தல்

கைப்பேசி போதும். தாங்கியில் பொருத்தி நேர் மேலிருந்து, நொடிக்கு 60 படம், குவியத்தைப் பூட்டி வையுங்கள். அளவுகோலைத் தட்டின் மேல் வைக்காதீர்கள். தடம் அதைவிட ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. 30 சென்டிமீட்டர் உயரக் கேமராவுக்கு இது 3 சதவீதப் பிழை. சிறு மரத்துண்டுகளின் மேல் அளவுகோலை ஏற்றி ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு அகற்றிவிடுங்கள்.

அளவுகோல் சரியா என்று பார்க்க ஆல்பா தடங்கள் உதவும். ரேடான்-222 விடும் 5.5 எம்.இ.வி. ஆல்பா சாதாரணக் காற்றில் 4 சென்டிமீட்டர் ஓடும். குளிர்ந்த, அடர்ந்த அடுக்கில் மூன்றரையை ஒட்டி வர வேண்டும். முழு நீளமும் தெரியும் தடங்கள் உங்கள் படத்தில் அடிக்கடி 2 என்று வந்தால் அளவுகோலைச் சந்தேகியுங்கள்.

8. கணக்கு

டிராக்கர், இமேஜ்ஜே இரண்டும் இலவச மென்பொருள்கள். தடம் தோன்றிய முதல் சில படங்களிலேயே அளந்துவிடுங்கள். அதற்குப் பிறகு காற்றோட்டம் தடத்தை இழுத்து வளைத்துவிடும்.

தடத்தின் இரு முனைகளை நேர்கோட்டால் இணைத்து அதன் நீளத்தை அளங்கள், அது நாண். நாணின் நடுவிலிருந்து தடம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பது உயரம். ஆரம் = (நாணின் வர்க்கம் ÷ உயரத்தின் எட்டு மடங்கு) + உயரத்தில் பாதி.

எடுத்துக்காட்டு: நாண் 60 மில்லிமீட்டர், உயரம் 4 மில்லிமீட்டர். ஆரம் 112.5 + 2 = 114.5 மில்லிமீட்டர். புலம் 0.05 டெஸ்லா என்றால் உந்தம் 300 × 0.05 × 0.1145 = 1.72. இதன் வர்க்கத்தோடு எலக்ட்ரானின் நிறை ஆற்றலான 0.511இன் வர்க்கத்தைக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் மொத்த ஆற்றல் 1.79. அதிலிருந்து 0.511ஐக் கழித்தால் இயக்க ஆற்றல் 1.28 எம்.இ.வி.

உயரத்தை அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் அளந்தால் இங்கே பிழை 12 சதவீதம். அடுக்கு மெல்லியது என்பதால் நீண்ட தடங்கள் கிடைமட்டத்துக்கு நெருக்கமாகவே இருக்கும். சாய்வினால் வரும் பிழை சிறியது.

9. வளைவெல்லாம் காந்தத்தால் வந்ததல்ல

பெரும்பாலான செயல்திட்டங்கள் விழும் குழி இது. குறைந்த ஆற்றல் எலக்ட்ரான் காற்றின் அணுக்களில் மோதி மோதித் திசை மாறும். அதனால் உண்டாகும் வளைவு, 6 சென்டிமீட்டர் தடத்தில் 0.05 டெஸ்லாவின் வளைவில் ஐந்தில் ஒரு பங்குக்கு அருகில் வரும். ஆற்றல் கூடினால் இந்தப் பிழை விகிதம் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். சிதறலும் காந்த வளைவும் சேர்ந்தே குறைவதால் விகிதம் அப்படியே நிற்கும். புலத்தைக் கூட்டுவதும் தடத்தை நீட்டுவதும்தான் வழி. 0.01 டெஸ்லா தரும் சிறு காந்தத்தை வைத்து அளந்தால் சிதறலும் காந்த வளைவும் ஏறக்குறையச் சமம். அந்த எண்களுக்குப் பொருளே இல்லை.

ஆகவே காந்தம் இல்லாத ஓட்டம் ஒன்று கட்டாயம். காந்தம் இருந்த இடத்தில் அதே அளவு அலுமினியக் கட்டியை வைத்து, அதே முறையில் தடங்களை அளங்கள். டிரை ஐஸுக்கு இன்னொரு முறை செலவாகும். இந்தச் செலவில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

மின்னூட்டக் குறி பற்றியும் ஒரு சொல். வலப்பக்கம் வளைந்தால் எலக்ட்ரான், இடப்பக்கம் வளைந்தால் பாசிட்ரான் என்று எழுதிவிடாதீர்கள். துகள் எந்த முனையிலிருந்து வந்தது என்று தெரியாதவரை குறியைச் சொல்ல முடியாது. ஆண்டர்சன் நடுவில் ஈயத் தகடு வைத்தது இதற்காகத்தான்: தகட்டைத் தாண்டிய பின் ஆற்றல் குறைந்து அதிகம் வளையும் பக்கமே துகள் போன திசை.

10. எவற்றைக் காஸ்மிக் என்று எழுதலாம்

உங்கள் பட்டியலில் பெரும்பாலான எலக்ட்ரான்கள் 2 எம்.இ.வி.க்குக் கீழே இருக்கும். அவற்றில் பல வானத்திலிருந்து வந்தவை அல்ல. சுவரின் செங்கல், சிமென்ட், கருங்கல் ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம், தோரியம், யுரேனியம் வரிசைகளின் காமா கதிர்கள் தட்டியெழுப்பியவை. இயற்கைக் காமாக்களில் பேர்பெற்ற தாலியம்-208இன் காமா 2.6 எம்.இ.வி. ரேடானின் வழித்தோன்றலான பிஸ்மத்-214 விடும் பீட்டா 3.27 வரை போகும். ஆகவே 3.5 எம்.இ.வி.க்கு மேல் வந்தவற்றை மட்டும் காஸ்மிக் கதிர் சார்ந்தவை என்று எழுதுங்கள்: மியூவான் சிதைவில் பிறந்தவை, மியூவான் தட்டிவிட்டவை, காற்றுப் பொழிவில் (ஒரு காஸ்மிக் துகள் காற்றில் மோதி உண்டாக்கும் துகள் கூட்டத்தில்) வந்தவை. கருவியின் மேல் எல்லை 12. உங்கள் உண்மையான அளவீட்டுச் சாளரம் 3.5 முதல் 12 வரை.

அந்தச் சாளரத்தில் தடங்கள் குறைவாகவே தேறும். ஒரே ஓட்டத்தில் முடிக்கத் திட்டமிடாதீர்கள். மலைப்பகுதியில் இருப்பவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். உதகமண்டலத்தில் காற்றுப் பொழிவுகளை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் இருக்கும் 2,200 மீட்டர் உயரத்தில், எலக்ட்ரான்களின் வரத்து கடற்கரை ஊர்களைவிட நன்றாகவே மிகுதி.

அறிக்கையில் நான்கு அட்டவணைகள் இருக்கட்டும்: புல வரைபடம், காந்தத்தோடு எடுத்த தடங்கள், காந்தமில்லாமல் எடுத்தவை, தள்ளுபடி செய்த தடங்களும் அதற்கான காரணமும். ஒவ்வோர் ஆற்றலுக்கும் பக்கத்தில் 25 சதவீதப் பிழை எல்லையைப் போடுங்கள். தேதி, நேரம், அறை வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றை ஓட்டத்தின்போதே குறித்துவிடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது. மிஞ்சிய டிரை ஐஸைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாய் விரிசல் விடும். திறந்த வெளியில், யாரும் தொடாத இடத்தில் வைத்துவிட்டால் தானே கரைந்துபோகும்.